சுஷி சாப்பிடும் முறை: முதல் தடவை போகிறவர்களுக்கு

சுஷி என்றதும் எல்லோருக்கும் மீன்தான் நினைவுக்கு வரும். ஆனால் அதைச் சாப்பிடும் முறையில் பாதி, சோற்றைக் காப்பாற்றத்தான். வினிகர் கலந்த அந்தச் சோறு உடம்புச் சூட்டில் இருக்கும். வாயில் போட்டதும் உதிரும்படி, இறுக்காமல் பிடித்திருப்பார்கள். இது மனதில் இருந்தால் மற்றவை எளிது. ஜப்பானில் செஃபுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடும் கடையை வைத்தே சொல்கிறேன்.

முதலில், சென்ட் அடித்துக்கொண்டு போகாதீர்கள். பக்கத்தில் இருப்பவருக்கும் மீனின் மணம் தெரியாமல் போய்விடும். உட்கார்ந்ததும் தரும் ஈரத்துண்டு கை துடைக்க மட்டும், முகத்துக்கு இல்லை.

அடுத்து, கையா குச்சியா? சோற்றின் மேல் மீன் வைத்த நிகிரி, 19ஆம் நூற்றாண்டில் எடோ நகரத் தெருக்கடைகளில் (இன்றைய டோக்கியோ) கையால் எடுத்துச் சாப்பிட்ட பண்டம். அதனால் தாராளமாகக் கையால் சாப்பிடலாம். சோறில்லாத மீன் துண்டான சஷிமிக்குக் குச்சிதான்.

இப்போது முக்கியமான இடம், சோயா சாஸ். கிண்ணத்தில் கொஞ்சமாக ஊற்றுங்கள். நிகிரியைக் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் பக்கவாட்டில் பிடித்து, மெல்லச் சாய்த்து, மீன் கீழே வரும்படி திருப்புங்கள். மீனின் ஓரம் மட்டும் சாஸைத் தொட்டால் போதும். சோற்றைத் தோய்த்தால் அது சாஸை உறிஞ்சி, உப்புக் கரித்து, கிண்ணத்திலேயே உதிர்ந்துவிடும். கடற்பாசி சுற்றி மேலே மீன் முட்டை வைத்த குன்கானைக் கவிழ்க்க முடியாதே? கூடவே தரும் ஊறவைத்த இஞ்சித் துண்டைச் சாஸில் நனைத்து மேலே தடவுங்கள். செஃபே சாஸ் பூசிக் கொடுத்திருந்தால் எதிலும் தோய்க்க வேண்டாம், அப்படியே சாப்பிடுங்கள்.

வசாபி என்ற காரமான பச்சை விழுதை மீனுக்கும் சோற்றுக்கும் நடுவில் செஃபே வைத்திருப்பார். சாஸில் கரைத்துக் குழப்பாதீர்கள், இரண்டின் ருசியும் கெடும். காரம் வேண்டாமென்றால் முன்கூட்டியே 'சாபி நுகி' என்று சொல்லிவிடலாம்.

அப்புறம், ஒரே வாயில் போட வேண்டும். பெரிதாகத் தெரிந்தால் சோற்றைக் குறைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். தவறாக நினைக்க மாட்டார்கள். தட்டில் வைத்த உடனே எடுத்துவிடுங்கள். போட்டோ எடுத்துக்கொண்டே இருந்தால் சோறு ஆறிவிடும், கடற்பாசி நமுத்துப்போகும். வரிசையை நீங்களே தேர்ந்தெடுப்பதானால் வெள்ளை மீனில் தொடங்கி, கொழுப்பான சூரை மீனையும் இனிப்புச் சாஸ் பூசிய விலாங்கையும் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். இஞ்சி, ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் நடுவில் வாயைச் சுத்தம் செய்ய. சுஷி மேல் வைத்துச் சாப்பிட அல்ல.

ஒன்று மட்டும் எந்தக் கடையிலும் செய்யாதீர்கள்: உங்கள் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றுவது. ஜப்பானில் இறந்தவரைத் தகனம் செய்தபின் எலும்பை அப்படித்தான் குச்சிக்குக் குச்சி மாற்றி எடுப்பார்கள். உடன் வந்தவருக்குக் கொடுக்க வேண்டுமானால் அவர் தட்டில் வையுங்கள்.

டிப்ஸ் தரும் பழக்கம் அங்கே இல்லை. எழுந்திருக்கும்போது செஃபைப் பார்த்து 'கோச்சிசோசமா தெஷ்தா' என்று சொல்லுங்கள், சாப்பாட்டுக்கு நன்றி சொல்வது அப்படித்தான். தட்டுகள் சுற்றி வரும் மலிவான கடைகளில் இவ்வளவு கெடுபிடி கிடையாது. எடுத்த தட்டைத் திரும்ப வைக்காமல் இருந்தால் சரி.