மண்ணுக்குள் போகும் கேபிளை அடிபடாமல் காப்பது: முதல்முறை செய்பவர்களுக்கான வழிமுறை

கம்பம் நட்டுக் கம்பி இழுப்பதைவிட மண்ணுக்குள் கேபிள் கொண்டுபோவது பார்வைக்கும் நன்றாக இருக்கும், காற்று மழைக்கும் பயமில்லை. ஆனால் பள்ளத்தை மூடிய கொஞ்ச நாளிலேயே அது எந்தப் பக்கமாகப் போகிறது என்பது மறந்துவிடும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஒழுங்காகப் புதைத்த நல்ல கேபிள் பல பத்தாண்டுகள் அப்படியே கிடக்கும். செடி நட, குழாய் பதிக்க, வேலி போட என்று பின்னால் கடப்பாரையோடு வருகிறவர்தான் அதை உடைக்கிறார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, கீழே கேபிள் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? ஆகவே இந்த வேலையில் பாதி கேபிளைக் காப்பது. மீதிப் பாதி, நாளை வரப்போகும் அந்த ஆளுக்கு இன்றே சேதி சொல்லி வைப்பது.

இங்கே சொல்வதெல்லாம் வீடு, தோட்டம், சிறு கட்டடங்களுக்குப் போகும் 230, 400 வோல்ட் கேபிள்களுக்கானது. பாதை பார்ப்பது, பள்ளம், மணல், நாடா, வரைபடம் இவற்றை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். இணைப்பு கொடுப்பதும் மின்சோதனையும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனின் வேலை, அதில் கை வைக்க வேண்டாம்.

பகுதி 1: புதிதாகப் புதைக்கும்போது

படி 1. பாதையை முடிவு செய்யுங்கள்

குறுக்கே போனால் கேபிள் மிச்சம் என்று தோன்றும். அந்த ஆசையை விட்டுவிடுங்கள். சுவரை ஒட்டி, நடைபாதை ஓரமாக, நேர்கோட்டில் போய்ச் சரியான மூலையில் திரும்பும் பாதையே நல்லது. பின்னால் வருபவர் ஊகிக்கக்கூடிய பாதை அதுதான். பெரிய மரங்களிலிருந்து முடிந்தவரை விலகிப் போங்கள். வேர் தடிக்கும்போது கேபிளை நெருக்கும். தண்ணீர்க் குழாய், எரிவாயுக் குழாய், இணையக் கேபிள் ஆகியவற்றிலிருந்து 30 செ.மீ.யாவது தள்ளி இருக்கட்டும். நாளைக்குத் தண்ணீர்க் குழாயைப் பழுது பார்க்கத் தோண்டுகிறவர் உங்கள் கேபிளைத் தொடாமல் வேலை முடிக்க அந்த இடைவெளி வேண்டும்.

படி 2. ஆர்மர்டு கேபிளாக வாங்குங்கள்

வீட்டுச் சுவருக்குள் போகும் சாதாரண ஒயரை மண்ணில் புதைக்கவே கூடாது. நேரடியாகப் புதைக்க, உள்ளே இரும்புக் கம்பி அல்லது பட்டை சுற்றிய ஆர்மர்டு கேபிள் வேண்டும். இந்த ஆர்மர் வெறும் கவசம் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு இன்னொரு முக்கியமான வேலை இருக்கிறது.

கடப்பாரை கேபிளில் இறங்குகிறது என்று வையுங்கள். உள்ளே இருக்கும் ஃபேஸ் கம்பியைத் தொடுவதற்கு முன் அது ஆர்மரைத் தொட்டாக வேண்டும். ஆர்மர் கிளாண்ட் (கேபிள் முனையைப் பெட்டியோடு இறுக்கிப் பிடிக்கும் உலோகப் பொருத்து) வழியாக எர்த்தோடு சேர்ந்திருந்தால், ஃபேஸைத் தொட்ட கணமே மின்சாரம் ஆர்மர் வழியே எர்த்துக்குப் பாய்ந்து பிரேக்கர் விழுந்துவிடும். எர்த் கொடுக்காமல் விட்டிருந்தால் கடப்பாரையும், அதைப் பிடித்திருக்கும் கையும் மின்சாரத்தோடு நிற்கும். ஆகவே எலக்ட்ரீஷியனிடம் நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி இது: "ஆர்மருக்கு எர்த் கொடுத்தாச்சா?"

படி 3. போதிய ஆழம் தோண்டுங்கள்

ஆழம் எவ்வளவு என்பது நாட்டுக்கு நாடு விதிப்படி மாறும். உங்கள் பகுதி விதி சொல்வதே இறுதி. பொதுவாகச் சொன்னால், மண்வெட்டியும் கடப்பாரையும் தோட்ட வேலைக்கு இறங்கும் ஆழத்துக்குக் கீழே கேபிள் இருக்க வேண்டும். இந்தக் கேபிள்களுக்கு 60 முதல் 75 செ.மீ. வரை வைத்தால் நிம்மதி. இது கேபிளின் மேல்பக்கத்திலிருந்து தரைமட்டம் வரையுள்ள அளவு. அடியில் மணல் போட இன்னும் 10 செ.மீ. சேர்த்துத் தோண்ட வேண்டும், இதைக் கணக்கில் விடுபவர்கள் அதிகம்.

வண்டி போகும் இடமானால் கனமான ஹெச்டிபிஇ (கெட்டிப் பிளாஸ்டிக்) குழாய்க்குள் விட்டுக் கடத்துங்கள். குழாயின் இரண்டு வாயையும் அடைத்துவிட வேண்டும். திறந்து கிடந்தால் சேறும் எலியும் உள்ளே போகும்.

படி 4. மணல் மெத்தை போட்டுக் கேபிளை இறக்குங்கள்

பள்ளத்தின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கல், செங்கல் துண்டு, கம்பி, வேர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சலித்த மணலை 7 முதல் 10 செ.மீ. கனத்துக்குப் பரப்புங்கள். மணல் கிடைக்காவிட்டால் தோண்டிய மண்ணையே சல்லடையில் சலித்துப் போடலாம்.

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். கேபிளுக்கு முதல் காயம் பெரும்பாலும் புதைக்கிற அன்றைக்கே ஏற்படுகிறது. கூர்மையான கல்லின் மேல் கேபிளைத் தரதரவென்று இழுத்தால் வெளியுறையில் மெல்லிய கீறல் விழும். கண்ணுக்கே தெரியாது, கேபிளும் வேலை செய்யும். ஆனால் அந்தக் கீறல் வழியே ஈரம் இறங்கி, ஆர்மர் துருவேறி, துரு மெல்ல மெல்ல உள்ளே வேலையைக் காட்டும். சில வருடம் கழித்து ஒரு மழைக்காலத்தில் காரணமே இல்லாமல் பிரேக்கர் விழ ஆரம்பிக்கும். அப்போது எந்த இடத்தில் கோளாறு என்று தேடுவது பெரும்பாடு.

அதனால் கேபிள் சுருளை ஒரு தண்டில் மாட்டி உருட்டித்தான் பிரிக்க வேண்டும். பக்கவாட்டில் வளையம் வளையமாக உருவினால் முறுக்கு ஏறும். நான்கைந்து பேர் வரிசையாக நின்று தூக்கிக்கொண்டே இறக்குவது இழுப்பதைவிட எவ்வளவோ மேல். திருப்பங்களில் மடக்கிவிடாமல், கேபிளின் விட்டத்தைப்போல் 12 மடங்கு ஆரம் வருகிற மாதிரி வளையுங்கள். 25 மி.மீ. தடிமனுள்ள கேபிளுக்கு அது 30 செ.மீ. விறைப்பாக இழுத்துக் கட்டவும் வேண்டாம். மண் பிற்பாடு கொஞ்சம் அமுங்கும், அப்போது இளகிக்கொடுக்கக் கேபிளுக்கு நீளம் வேண்டும்.

வெட்டிய முனைகளை ஒரு இரவுகூடத் திறந்து போடாதீர்கள். மழை வந்தால் கம்பிகளுக்கு நடுவே தண்ணீர் ஏறிவிடும். உடனே மூடி போட்டு அடைத்துவிடுங்கள்.

படி 5. மூடுவதற்கு முன் மெகர் சோதனை

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய நேரம் இது. கேபிளின் இரு முனையும் எதனோடும் இணையாமல் இருக்கும்போது, மெகர் என்ற கருவியால் 500 அல்லது 1000 வோல்ட்டில் காப்புத்தடையை, அதாவது கம்பியின் உறை மின்சாரத்தைக் கசியவிடாமல் எவ்வளவு தடுக்கிறது என்பதைப் பார்ப்பார். 1 மெகா ஓமுக்குக் கீழே போனால் கேபிள் ஆகாது. புதுக் கேபிள் அதைவிடப் பல மடங்கு, நூற்றுக்கணக்கான மெகா ஓம் காட்ட வேண்டும். 2, 3 என்று காட்டினால் "பரவாயில்லை" என்று மூடிவிடாமல் காரணத்தைத் தேடச் சொல்லுங்கள். சுருளில் இருக்கும்போது ஒருமுறை, இறக்கியபின் ஒருமுறை, மண் மூடியபின் ஒருமுறை எடுத்து மூன்று அளவுகளையும் எழுதி வைத்தால், அடி எந்தக் கட்டத்தில் பட்டது என்பது தெரிந்துவிடும்.

படி 6. மண்ணும் எச்சரிக்கை நாடாவும்

கேபிளின் மேல் இன்னொரு 7 முதல் 10 செ.மீ. சலித்த மணல். அதற்கு மேல் செங்கலை நெருக்கமாக அடுக்குங்கள், அல்லது கேபிள் மூடும் ஓடு வையுங்கள். பிறகு கல் இல்லாத மண்ணை 15 செ.மீ. அடுக்குகளாகப் போட்டுக் கெட்டிக்க வேண்டும். முதல் அடுக்குகளைக் காலால் மிதித்து இறுக்கினால் போதும், திமிசுக்கட்டையை மேலே வந்த பிறகு எடுக்கலாம்.

கேபிளுக்கு 30 செ.மீ. மேலே வந்ததும் எச்சரிக்கை நாடாவை நீளவாக்கில் விரியுங்கள். "எச்சரிக்கை, கீழே மின்கேபிள்" என்று அச்சடித்த பளிச்சென்ற பிளாஸ்டிக் பட்டை இது. தோண்டுகிறவர் கண்ணில் கேபிளுக்கு முன்னால் இது பட வேண்டும், அதற்குத்தான் அந்த இடைவெளி. கேபிளின் மேலேயே நாடாவை ஒட்டிவிடுபவர்கள் உண்டு. நாடா தெரியும்போது கடப்பாரை கேபிளில் இறங்கியிருக்கும், ஒரு பிரயோசனமும் இல்லை. உள்ளே உலோக இழை வைத்த நாடா கிடைத்தால் அதையே வாங்குங்கள், பின்னால் கருவி வைத்துத் தேட வசதி.

கேபிள் தரையிலிருந்து வெளியே வரும் இடத்தை மறந்துவிடாதீர்கள். வண்டி இடிப்பதும் மண்வெட்டி படுவதும் அங்கேதான் அதிகம். கெட்டியான குழாய்க்குள் விட்டு மேலே ஏற்றி, குழாய் விளிம்பு உறையை அறுக்காமல் இருக்க அதன் வாயில் புஷ் (வழவழப்பான வளையம்) போட்டுவிடுங்கள்.

படி 7. படம் எடுங்கள், அளந்து குறியுங்கள்

எல்லாவற்றிலும் மலிவான பாதுகாப்பு இதுதான், அதிகம் விட்டுப்போவதும் இதுதான். பள்ளம் திறந்திருக்கும்போதே, அளவு நாடாவைப் பக்கத்தில் நீட்டி வைத்து, சுவரோ வாசலோ படத்தில் தெரியும்படி புகைப்படம் எடுங்கள். வெறும் மண்ணும் கேபிளும் மட்டும் தெரிகிற படம் ஐந்து வருடம் கழித்து எதற்கும் உதவாது.

அப்புறம் ஒவ்வொரு திருப்பத்தையும் அசையாத இரண்டு இடங்களிலிருந்து அளந்து எழுதுங்கள். உதாரணமாக: "முதல் திருப்பம்: வீட்டின் வலது முன்மூலையிலிருந்து 4.20 மீட்டர், தண்ணீர்த் தொட்டி மூலையிலிருந்து 2.65 மீட்டர், ஆழம் 70 செ.மீ." இரண்டு அளவு இருந்தால் வேறு யாரும் அதே இடத்தில் வந்து நிற்கலாம். மரம், வேலிக்கம்பு போன்றவற்றிலிருந்து அளக்காதீர்கள், அவை நாளைக்கு இல்லாமல் போகலாம். திருப்பங்களிலும், ஜாயின்ட் இருக்கும் இடத்திலும் தரையில் குறிக்கல் பதியுங்கள். வரைபடத்தின் ஒரு பிரதி மெயின் போர்டு கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கட்டும்.

பகுதி 2: கேபிள் இருக்கும் மண்ணில் தோண்டும்போது

முதலில் வரைபடம் கேளுங்கள். பொது இடத்துக் கேபிள்களுக்குப் பல நாடுகளில் இதற்கென்றே ஏற்பாடு உண்டு. அமெரிக்காவில் 811 என்ற எண்ணை அழைத்தால் அந்தந்த நிறுவனத்தார் வந்து தரையில் வண்ணம் பூசிக் காட்டுவார்கள். மின்சாரத்துக்குச் சிவப்பு, தொலைத்தொடர்புக்கு ஆரஞ்சு. இந்தியாவில் தோண்டுபவரையும் கேபிள் உரிமையாளரையும் இணைக்க 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலி 2023 மார்ச்சில் தொடங்கப்பட்டது. ஆனால் மனைக்குள் உரிமையாளர் தானே போட்ட கேபிள் இவற்றில் பொதுவாக வராது. அதற்குப் படி 7-இல் சொன்ன தாள் ஒன்றே வழி.

கேபிள் தேடும் கருவியை வாடகைக்கு எடுத்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கருவியைச் சாதாரண 'பவர்' நிலையில் வைத்தால் அது கேபிளில் ஓடும் மின்னோட்டத்தின் காந்தப்புலத்தைத்தான் பிடிக்கும். மின்சாரம் இருந்தும் விளக்கோ மோட்டாரோ ஓடாவிட்டால் கருவி பேசாமல் இருக்கும், கேபிளோ உயிரோடுதான் இருக்கும். தேடும்போது அந்தப் பக்கத்து விளக்குகளைப் போட்டு வையுங்கள். கருவி பிடிக்கும்படி கேபிளில் தனி சிக்னலை ஏற்றும் சிக்னல் ஜெனரேட்டரும் கூட இருந்தால் இன்னும் நல்லது. சத்தம் வரவில்லை என்பதை மட்டும் நம்பி பொக்லைனை இறக்காதீர்கள்.

கேபிள் இருக்கலாம் என்ற இடத்தில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மேலிருந்து குத்தாமல் சற்றுத் தள்ளிப் பக்கவாட்டில் இருந்து மண்வெட்டியால் மெல்லச் சுரண்டி வாருங்கள். கேபிளுக்கு இருபுறமும் 50 செ.மீ. வரை இயந்திரமும் கடப்பாரையும் வேண்டாம். நாடாவோ, செங்கல் வரிசையோ, அக்கம்பக்கத்து மண்ணுக்குப் பொருந்தாத மணலோ தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். கேபிள் வெளியே தெரிந்தால் அது தொங்காமல் அடியில் முட்டுக் கொடுங்கள், யாரும் அதை மிதித்து ஏறக் கூடாது.

அடிபட்டுவிட்டால்

எல்லோரையும் விலக்குங்கள். கேபிளையும், அதில் மாட்டிய கருவியையும் தொடாதீர்கள். பிரேக்கர் விழுந்திருந்தாலும் மின்சாரம் போய்விட்டது என்று நம்பக் கூடாது. யாராவது மறுபடி போட்டுவிடுவார்கள். மெயினை அணைத்து, பூட்டி, பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்துங்கள். பொது மின்கேபிள் என்றால் மின்வாரியத்துக்கு உடனே சொல்லுங்கள். பொக்லைன் கேபிளில் மாட்டியிருந்தால் ஓட்டுநர் இறங்காமல் இருக்கையிலேயே இருக்க வேண்டும். தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டுமென்றால், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல் இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, பாதங்களைத் தரையோடு தேய்த்தபடி விலகிப் போக வேண்டும்.

உறையில் கீறல் மட்டும்தான் என்றாலும் மறைக்காதீர்கள். இன்சுலேஷன் டேப் சுற்றிப் புதைத்தால் ஈரம் தேடி வரும். எலக்ட்ரீஷியன் பார்த்து, தேவையானால் புதைப்பதற்கென்றே உள்ள ஜாயின்ட் கிட் போட்டு, மெகரில் மறுபடி சோதித்த பிறகே மண் தள்ள வேண்டும். ஜாயின்ட் விழுந்த இடத்தை வரைபடத்தில் சேர்த்து எழுதுங்கள். கிழிந்த எச்சரிக்கை நாடாவின் மேல், இருபுறமும் ஒரு மீட்டர் கூடுதலாக வரும்படி புதுத் துண்டை விரித்துவிட்டு மூடுங்கள்.