294409 பகா எண்ணா? ஒரு எண்ணை அலசிப் பார்க்கும் முறை

பெரிய எண் ஒன்று கையில் இருக்கிறது, அது எந்த வகை என்று தெரியவேண்டும். மாதிரிக்கு 294409-ஐ எடுத்துக்கொள்வோம். ஆறு இலக்கம்தான், ஆனால் சரியான ஏமாற்றுக்காரன்.

பைத்தான் என்ற நிரல்மொழி போதும். எக்செல் வேண்டவே வேண்டாம். 15 இலக்கத்துக்கு மேல் போனால் மிச்சத்தைச் சத்தமில்லாமல் பூஜ்யமாக்கிவிடும்.

படி 1: 2, 3, 5, 7, 11-ஆல் வகுபடுகிறதா? இல்லை. மேலே போவோம்.

படி 2: ஃபெர்மா சோதனை. n பகா எண்ணாக இருந்தால் (2 தவிர), 2-இன் (n−1)ஆம் அடுக்கை n-ஆல் வகுக்கும்போது மீதி 1 வரும். பைத்தானில் அடுக்கு கணக்கிடும் பவ் (pow) சார்புக்குள் 2, 294408, 294409 என்று மூன்றையும் சேர்த்தே கொடுங்கள். அடுக்கைத் தனியாகக் கண்டுபிடித்துப் பிறகு வகுக்கப் போனால், 88,626 இலக்க எண்ணைக் கட்டி மேய்க்க வேண்டிவரும்.

விடை 1. 2-க்குப் பதில் 3, 5 போட்டாலும் 1-தான். உடனே "பகா எண்" என்று எழுதிவிடாதீர்கள். பகா எண் என்றால் 1 வரும். 1 வந்தால் பகா எண் என்று எந்த விதியும் சொல்லவில்லை. இது கார்மைக்கேல் எண், அதாவது பகு எண்ணாக இருந்தும் ஃபெர்மா சோதனையில் பகா எண்போல நடிக்கும் வகை. இந்த வகையில் மிகச் சிறியது 561. ராமானுஜன் புகழ் 1729-உம் இதே கூட்டம்தான். இப்படிப்பட்டவை முடிவில்லாமல் உண்டு என்று 1994-இல் நிரூபித்துவிட்டார்கள்.

படி 3: அடுக்கைப் பாதியாக்குங்கள். ஃபெர்மாவைவிடக் கறாரான மில்லர்-ராபின் சோதனையின் உயிர் இதில்தான் இருக்கிறது. 294408-இல் பாதி 147204. மீதி இன்னும் 1. அதில் பாதி 73602. இப்போது மீதி 262144. மாட்டிக்கொண்டது! வர்க்கத்தின் மீதி 1 என்றால், பகா எண்ணில் அந்த மதிப்பு 1 அல்லது n−1 ஆகத்தான் இருக்க முடியும். 262144 இரண்டுமில்லை. ஆகவே பகு எண், சந்தேகமே இல்லை.

கூடவே ஒரு இனாம்: அந்த மீதியில் 1 கழித்தால் 262143. இது, 294409 இரண்டின் மீப்பெரு பொது வகுத்தியைப் பாருங்கள். 73. காரணியே வந்து விழுந்துவிட்டது.

படி 4: மிச்சம் 4033 = 37 × 109. ஆக 294409 = 37 × 73 × 109. இவை ஒவ்வொன்றிலும் 1 கழித்தால் 36, 72, 108. மூன்றுமே 294408-ஐ மீதியின்றி வகுக்கும். படி 2-இல் ஏமாந்த காரணம் இதுதான்.

படி 5: காரணிகள் கிடைத்தபின் மற்றதெல்லாம் பெருக்கல்தான். வகுத்திகள் 8. அவற்றின் கூடுதல் 38 × 74 × 110 = 309320; எண்ணைக் கழித்தால் 14911, இது எண்ணைவிடச் சிறியது, அதனால் குறை எண். ஆய்லர் சார்பின் (எண்ணோடு பொதுக் காரணி இல்லாத, அதைவிடச் சிறிய எண்கள் எத்தனை என்று சொல்வது) மதிப்பு 36 × 72 × 108 = 279936, அதாவது அச்சு அசலாக 6-இன் 7ஆம் அடுக்கு! மூன்று காரணிகளும் 4-ஆல் வகுத்தால் மீதி 1 தருபவை என்பதால் இரு வர்க்கங்களின் கூடுதலாகவும் எழுதலாம்: 395² + 372².

பின்சேர்க்கை: படி 2-இல் 37-ஐப் போட்டால் 1 வரவில்லையே என்று ஒருவர் கேட்டிருந்தார். வராது. எண்ணோடு பொதுக் காரணி இல்லாத அடிமானத்துக்குத்தான் (அடுக்கு ஏற்றும் எண்ணுக்குத்தான்) அந்த ஏமாற்று பலிக்கும்.