கிரேக்க எழுத்துகளை எழுதிப் பழகலாம்: பிடித்தவற்றிலிருந்து ஒரு தொடக்கம்

உயர்நிலை 3-இல் ஏ-மேத்ஸ் (கூடுதல் கணிதம்) எடுக்கும் பிள்ளைகள் தீட்டாவையும் பையையும் பார்க்காத நாளே இருக்காது. இயற்பியலில் லாம்டா வரும், தொடக்கக்கல்லூரிக்குப் போனால் மியூவும் சிக்மாவும் சேர்ந்துகொள்ளும். ஆனால் பேனாவை எங்கே வைத்து எந்தப் பக்கம் இழுப்பது என்று இவற்றுக்கு யாரும் கைபிடித்துச் சொல்லித் தருவது அபூர்வம். பலகையில் பார்த்ததை ஆளாளுக்குக் குத்துமதிப்பாக வரைகிறார்கள். கடைசியில் ரோ 'பி' ஆகிறது, ஒமேகா 'டபிள்யூ' ஆகிறது, திருத்துகிறவருக்குத் தலைவலி.

24 எழுத்துகளையும் வரிசையாக உருப்போட வேண்டாம் என்பது என் கட்சி. பார்த்ததும் பிடித்துப்போகிற நாலைந்தை எடுத்து நன்றாக எழுதிப் பழகுங்கள், மற்றவை தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். கீழே இருப்பது எனக்குப் பிடித்த வரிசை. உங்களுக்கு வேறு எழுத்துதான் பிடிக்கும் என்றால் அதையே முதலில் வையுங்கள்.

படி 1: நோட்டு

சீன எழுத்துப் பயிற்சிக்கென்று கட்டம் போட்ட நோட்டு விற்கிறார்களே, அதில் ஒன்று வாங்குங்கள். புளோக்குக்குக் கீழே இருக்கும் எழுதுபொருள் கடையிலேயே கிடைக்கும். பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் பக்கம் போனால் பல அளவுகளில் பார்த்து வாங்கலாம். ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் மெல்லிய குறுக்குக் கோடு இருக்கும், நமக்கு வேண்டியது அதுதான். வால் கீழே இறங்கும் எழுத்துகளுக்கு மேலும் கீழுமாக இரண்டு கட்டம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய எழுத்துகளைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம். 24-இல் 14 ஆங்கிலப் பெரிய எழுத்தைப் போலவே இருக்கும். ஒலி சிலவற்றில் மாறும், வடிவம் ஏற்கெனவே கைக்குப் பழகியது. உழைப்பு வேண்டியிருப்பது சிறிய எழுத்துகளுக்குத்தான்.

படி 2: தீட்டா (θ)

முதல் இடம் இதற்கே. ஒல்லியான, நெட்டையான நீள்வட்டம் ஒன்று போடுங்கள். உச்சியில் தொடங்கி இடப்பக்கமாக இறங்கி, சுற்றி வந்து மூட வேண்டும். பிறகு கட்டத்தின் நடுக்கோட்டை ஒட்டி ஒரு கிடைக்கோடு. கோடு இரண்டு பக்கச் சுவரையும் தொட வேண்டும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. வட்டம் குண்டாகிவிட்டால் பூஜ்யத்தை அடித்துவிட்டது போலத் தெரியும், அதனால் ஒல்லி முக்கியம்.

கிரேக்கர்கள் ஃபினீசியரிடமிருந்து எழுத்துகளை வாங்கிய காலத்தில் இது வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறியாக இருந்தது. பிற்பாடு உள்ளே வெறும் புள்ளி, அப்புறம் கோடு. ஒவ்வொரு முறையும் உள்ளே இருப்பதை மாற்றி மாற்றியே இந்த அழகுக்கு வந்திருக்கிறது.

படி 3: சிக்மா (σ)

மேலே வலப்புறத்தில் பேனாவை வையுங்கள். கிடையாக இடப்பக்கம் இழுத்து, அப்படியே வளைத்துக் கீழே இறக்கி, ஒரு முழு வட்டம் சுற்றி, அந்த மேல்கோட்டின் அடியில் கொண்டுவந்து மூடுங்கள். ஒரே இழுப்பு, பேனாவை எடுக்கவே கூடாது. மேல்கோடு குட்டையானால் 'ஓ' மாதிரி ஆகிவிடும், கொஞ்சம் தாராளமாகவே விடுங்கள்.

புள்ளியியலில் திட்ட விலக்கத்துக்கு இந்தச் சின்ன சிக்மா. பெரிய சிக்மா கூட்டுத்தொகைக்கு. அதை அந்த வேலையில் அமர்த்தியவர் கணித மேதை ஆய்லர், 1755-இல். பை வட்டத்துக்குரிய விகிதமானது அதற்கும் முன்பு, 1706-இல், வில்லியம் ஜோன்ஸ் கையால். அதைப் பிரபலமாக்கியதும் ஆய்லர்தான்.

படி 4: ஆல்ஃபாவும் (α) லாம்டாவும் (λ)

இரண்டும் சுலபம். ஆல்ஃபாவுக்கு மேல் வலது மூலையில் தொடங்கிச் சாய்வாகக் கீழ் இடப்பக்கம் இறங்குங்கள், இடப்பக்கமாகச் சுற்றி மேலேறி, முதல் கோட்டைக் கடந்து கீழ் வலது மூலையில் முடியுங்கள். வலப்பக்கம் பார்த்த வாலோடு ஒரு மீன் கிடைக்கும். லாம்டாவுக்கு மேல் இடப்புறத்திலிருந்து கீழ் வலப்புறம்வரை ஒரு நீளச் சாய்வுக் கோடு, அதன் நடுவிலிருந்து இடப்பக்கம் இறங்கும் ஒரு கால். அவ்வளவுதான்.

படி 5: க்ஸை (ξ)

எல்லாரும் பயப்படும் எழுத்து. எனக்கோ ரொம்பப் பிடிக்கும். மேலே சின்னதாக ஒரு கிடைக்கோடு. அதன் முனையிலிருந்து 3-ஐத் திருப்பிப் போட்டது போல இடப்பக்கம் பார்த்து இரண்டு வளைவுகள், கீழ்வளைவு மேலதைவிடப் பெரிதாக. முடிவில் நிறுத்தாமல், வரிக்குக் கீழே இறக்கி இடப்பக்கம் ஒரு கொக்கி. நடு இடுப்பை விட்டுவிட்டு ஒரே பெரிய வளைவாக இழுத்தால் அதுவே ஸீட்டா (ζ), ஒன்றைக் கற்றால் இன்னொன்று இலவசம்.

தமிழ் எழுதும் கைக்கு இது வராமல் போக வழியே இல்லை. ஞவும் ஐயும் இஷ்டத்துக்குச் சுழித்துப் பழகியவர்கள் நாம். மெதுவாகப் பெரிதாக எழுதிப் பார்த்து, அப்புறம் சிறிதாக்குங்கள்.

2021 நவம்பரில் புதுக் கொரோனா கிருமி வகைக்குப் பெயர் வைத்தபோது, உலகச் சுகாதார நிறுவனம் நியூ, க்ஸை இரண்டையும் தாண்டி ஒமிக்ரானுக்குப் போனது. நியூ ஆங்கிலத்தில் 'புதிய' என்று கேட்கும், க்ஸையின் ஆங்கில எழுத்துக்கூட்டல் பலருக்குக் குடும்பப் பெயர் என்பது காரணம். இவ்வளவு அழகான எழுத்துக்கு அந்தப் புகழ் கிடைக்காமல் போனதும் நல்லதுதான்.

படி 6: குழப்பும் கூட்டம் (ρ, μ, ω)

ரோவை வரிக்குக் கீழிருந்து தொடங்குங்கள். மேலேறி, வலப்பக்கமாக வளைந்து, சுற்றி வந்து மூடுங்கள். ஒரே இழுப்பாக எழுதினால் 'பி'யின் முனை வரவே வராது. மியூவும் கீழிருந்து ஏற வேண்டிய எழுத்து, இடப்பக்க வால் நீளமாக இருந்தால்தான் 'யு'விலிருந்து பிரியும். புகைமூட்டக் காலத்தில் பிஎம் 2.5 நுண்துகள் அளவைச் சொல்லும்போது மைக்ரோகிராமின் குறியீட்டில் 'மைக்ரோ'வுக்காக முன்னால் நிற்பதும் இந்த மியூதான்.

ஒமேகாவில் கூர்முனை எங்குமே கூடாது. இரண்டு கிண்ணங்கள், இரு ஓரமும் லேசாக உள்நோக்கி வளைந்திருக்கட்டும். இந்த எழுத்து என்னைக் கவர வேறொரு காரணமும் உண்டு. பழைய கிரேக்கத்தில் ஒமிக்ரான் குறில், ஒமேகா நெடில். எப்சிலானும் ஈட்டாவும் அப்படித்தான். நம் ஒ-ஓ, எ-ஏ மாதிரியே! ஆங்கில எழுத்து வரிசையில் இந்தப் பிரிவினை இல்லை. இன்றைய கிரேக்கப் பேச்சில் ஒமிக்ரானும் ஒமேகாவும் ஒரே ஒலியாகிவிட்டன, எழுத்தில் மட்டும் இரண்டும் நிற்கின்றன.

படி 7: தட்டச்சு

வேர்டில் ஆல்ட் விசையையும் சமக்குறியையும் சேர்த்து அழுத்தினால் சமன்பாட்டுப் பெட்டி திறக்கும். அதில் பின்சாய்வுக் கோடு போட்டு, எழுத்தின் பெயரை ஆங்கிலத்தில் தட்டி, இடைவெளி விடுங்கள், எழுத்து வந்துவிடும். பெயரின் முதல் எழுத்தைப் பெரிதாகத் தட்டினால் பெரிய எழுத்து.

அடிக்கடி தேவைப்படுகிறது என்றால் கைபேசி அமைப்புகளில் கிரேக்க விசைப்பலகையைச் சேர்த்துவிடுங்கள். பெரும்பாலான எழுத்துகள் எதிர்பார்த்த இடத்திலேயே இருக்கும். தேட வைப்பவை சிலவே: தீட்டா 'யு' விசையில், க்ஸை 'ஜே'யில், ஒமேகா 'வி'யில். 'டபிள்யூ'வைத் தட்டினால் வால் வைத்த ஒரு சிக்மா வரும், மிரள வேண்டாம். கிரேக்கச் சொல்லின் கடைசியில் மட்டும் வரும் சிக்மா அது, கணக்குப் பாடத்துக்கு வேண்டியது 'எஸ்' விசையில் இருக்கிறது.