ஃபிராங்க்ளின் போர்க்களத்தை ஒரே நாளில் பார்ப்பது எப்படி?

டென்னசி மாநிலத்தில், நாஷ்விலுக்குத் தெற்கே சுமார் 20 மைல் தூரத்தில் இருக்கிறது ஃபிராங்க்ளின். இங்கே அமெரிக்க உள்நாட்டுப் போரின் போர்க்களத்தின் மேலேயே ஊர் வளர்ந்துவிட்டது. வீடு, கடை, சிக்னல் இவற்றுக்கு நடுவில்தான் 1864ஐத் தேட வேண்டும். அதனால் எந்த வரிசையில் பார்க்கிறோம் என்பது முக்கியம். முதல் தடவை நான் பழைய வீடுகளில் தொடங்கிக் குன்றில் போய் முடித்தேன். யார் எங்கிருந்து வந்தார்கள் என்றே பிடிபடவில்லை. படைகள் வந்த திசையிலேயே போங்கள்.

படி 1: கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்

1864 நவம்பர் 30. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிய இன்னும் சில மாதங்களே இருந்தன. ஜான் பெல் ஹுட் தலைமையில் தெற்குப் படை, அதாவது நாட்டிலிருந்து பிரிந்த அடிமைமுறை மாநிலங்களின் படை, நாஷ்விலை நோக்கி வந்துகொண்டிருந்தது. தளபதி ஸ்கோஃபீல்டின் வடக்குப் படையை, அதாவது அரசுப் படையை, முந்தின இரவே தெற்கே உள்ள ஸ்பிரிங் ஹில் ஊரில் மடக்கியிருக்கலாம். ஆனால் அது இருட்டில் பக்கத்திலேயே நழுவி ஃபிராங்க்ளின் வந்து சேர்ந்துவிட்டது. பின்னால் ஹார்பெத் ஆறு. பாலங்களைச் சரிசெய்யும் வரை ஊரின் தென் விளிம்பில் அகழி வெட்டி, மண்மேடு எழுப்பி வடக்குப் படையினர் காத்திருந்தார்கள். மாலை 4 மணி வாக்கில் ஹுட் நேரடித் தாக்குதலைத் தொடங்கினார். சண்டை சுமார் 5 மணி நேரம் நடந்தது, பெரும்பகுதி இருட்டில்.

படி 2: வின்ஸ்டெட் குன்று

காலையில் முதலில் இங்கே போங்கள். கட்டணம் இல்லை. ஹுட் நின்று பார்த்த இடம் இது. வடக்கே திரும்பி நில்லுங்கள்: அங்கிருந்து அகழி வரை சுமார் 2 மைல். இன்று கட்டடங்கள் மறைக்கின்றன, அன்று பெரும்பாலும் வெட்டவெளி. கிட்டத்தட்ட 20,000 பேர் அதைக் கடந்து நடந்தார்கள். அப்புறம் அதே சாலையில் காரை ஓட்டும்போது அந்தத் தூரம் உறைக்கும்.

படி 3: கார்ட்டர் வீடு

ஒரு நாளில் ஒரே இடம்தான் என்றால் இதைப் பாருங்கள். 1830இல் கட்டிய செங்கல் வீடு. சண்டையின் நடுமையம் இதைச் சுற்றித்தான். கார்ட்டர் குடும்பமும் அக்கம்பக்கத்தாரும் நிலவறையில் ஒளிந்திருந்தார்கள். எதிர்ப்புற லாட்ஸ் வீடு மரவீடு என்பதால் அந்தக் குடும்பமும் இங்கேதான் ஓடிவந்தது. தெற்குப் படையில் இருந்த கார்ட்டரின் மகன் டாட், தன் வீட்டுக்கு மிக அருகில் குண்டடிபட்டு விழுந்தான். விடிந்ததும் வீட்டுக்குத் தூக்கிவந்தார்கள். டிசம்பர் 2இல் இறந்தான்.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சிறிய மரக்கட்டடத்தை அவசரமில்லாமல் பாருங்கள். சுவரெல்லாம் தோட்டாத் துளை. எண்ணத் தொடங்கி நான் பாதியில் விட்டுவிட்டேன்.

பக்கத்துப் பூங்காவில் ஒரு சுற்று வாருங்கள். தெற்குப் படைத் தளபதி கிளெபர்ன் கொல்லப்பட்ட இடத்தருகே பல வருடம் பீட்சா கடை ஒன்று இருந்தது. 2005இல் அதை வாங்கி இடித்து, நிலத்தை மீட்டார்கள்.

படி 4: கார்ன்டன்

1826இல் கட்டிய மக்கவாக் குடும்பத்து மாளிகை. போரன்று இரவு மருத்துவமனையானது. மாடி அறைத் தரையில் ரத்தக் கறை இன்னும் தெரிகிறது. இறந்த தெற்குத் தளபதிகள் நால்வரின் உடல்களைப் பின்புறத் தாழ்வாரத்தில் கிடத்தியிருந்தார்கள். 1866இல் இந்தக் குடும்பம் நிலம் கொடுக்க, கிட்டத்தட்ட 1,500 தெற்கு வீரர்களை இங்கே மாற்றிப் புதைத்தார்கள். கல்லறைகள் மாநில வாரியாக இருக்கின்றன. பெயர்கள் எழுதிய பதிவேட்டை கேரி மக்கவாக் பாதுகாத்தார்.

மாளிகையோடு திரும்பிவிடாதீர்கள். அடிமைகள் தங்கிய வீடும் வளாகத்தில் நிற்கிறது. வழிகாட்டியிடம் அவர்களைப் பற்றிக் கேளுங்கள். அந்த மனிதர்களின் உழைப்பில்தான் இந்தத் தோட்டம் ஓடியது.

கார்ட்டர் வீடு, கார்ன்டன் மாளிகை இரண்டுக்கும் உள்ளே வழிகாட்டியோடுதான் போக வேண்டும், சேர்த்து டிக்கெட் எடுக்கலாம். நேரத்தை முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் நாலரை மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும்.

படி 5: ஊர்ச் சதுக்கம்

மாலையில் இங்கே வாருங்கள். நடுவில் 1899இல் வைத்த தெற்குப் படைவீரர் சிலை. அதைச் சுற்றி 2019இல் பலகைகள் வைத்தார்கள். அடிமைச் சந்தை உட்பட, சிலை சொல்லாததை அவை சொல்கின்றன. 2021இல் வடக்குக்காகப் போரிட்ட கறுப்பின வீரருக்கும் சிலை எழுந்தது. பலகைகளை முதலில் படித்துவிட்டு இரண்டு சிலைகளையும் பாருங்கள். மெயின் ஸ்ட்ரீட் அங்கேயே தொடங்குகிறது, சாப்பிட நடந்தே போகலாம்.