ஹாம் சாலைத் திட்டத்தில் ஆணையமும் நிறுவனமும் இணைந்து வேலை செய்ய

2016-ல் வந்த ஹாம் (HAM, Hybrid Annuity Model) முறையில், தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்காகத் தனியார் நிறுவனம் சாலையைக் கட்டுகிறது; ஒப்புக்கொண்ட திட்டச் செலவில் 40 சதவீதத்தை அரசு கட்டுமானத்தின்போதே தருகிறது. மீதி 60 சதவீதம், வேலை முடிந்த பின் 15 ஆண்டுகளுக்கு அரையாண்டுத் தவணைகளாக வரும். இவ்வளவு காலம் பிணைந்திருக்கும் இரு தரப்பும் முதல் ஆண்டிலேயே மோதிக்கொள்வதற்குப் பெரும்பாலும் காரணம் நிலமும் மின்கம்பமும்தான்.

முதல் மாதிரி ஒப்பந்தம், வேலை தொடங்கும் நாளுக்குள் குறைந்தது 80 சதவீத நிலம் வேண்டும் என்றது. உங்கள் ஒப்பந்தத்தில் என்ன எண் என்று பாருங்கள்; அதைவிட முக்கியம், அந்த நிலம் தொடர்ச்சியாக இருக்கிறதா என்பது. இரண்டு கிலோமீட்டருக்கு நடுவில் 300 மீட்டர் விட்டுப்போனால் பேவர் (சாலைக் கலவையை விரிக்கும் இயந்திரம்) அங்கே நின்றுவிடும், லாரிகள் சுற்றி வரவேண்டும். எனவே ஆணையத்தின் திட்ட இயக்குநர் தரப்பும் நிறுவனமும் சேர்ந்து நடந்து பார்த்து, ஒப்படைப்புக் குறிப்பாணையைத் தளத்திலேயே எழுதுங்கள். கிடைக்காத ஒவ்வொரு துண்டுக்கும் செயினேஜ் (சாலைத் தொடக்கத்திலிருந்து தூரம்), இடதா வலதா, நீளம், சர்வே எண், எந்த அலுவலகத்தில் கோப்பு நிற்கிறது, எந்தத் தேதிக்குள் கிடைக்கும் என்பவை இருக்கவேண்டும். 3D அறிவிக்கை (நிலம் அரசுக்குச் சேர்ந்ததாக அறிவிப்பது) வெளியானது, இழப்பீடு செலுத்தியது, நிலம் கைக்கு வந்தது ஆகிய மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் போடுங்கள். அறிவிக்கை வந்ததையே நிலம் வந்ததாகக் கணக்கில் எழுதுவதில்தான் பாதிச் சண்டை பிறக்கிறது.

பிறகு ஹிண்ட்ரன்ஸ் ரெஜிஸ்டர், அதாவது வேலைக்கு வரும் தடைகளை எழுதும் பதிவேடு. இரு தரப்புக்கும் ஒரே பதிவேடு போதும். தடை வந்த அன்றே எழுதி, ஆணையம், நிறுவனம், இரு தரப்பையும் சாராமல் வேலையைக் கண்காணிக்கும் சுயேச்சைப் பொறியாளர் மூவரும் கையெழுத்திட வேண்டும். நீங்கிய நாளும் அதே வரியில் ஏறவேண்டும். அந்த இடத்தில் நிறுவனத்தின் ஆளும் இயந்திரமும் தயாராக இருந்தனவா என்பதையும் நேர்மையாகக் குறியுங்கள். கடிதங்களை மட்டும் அடுக்கிவிட்டு, கடைசியில் கால நீட்டிப்புக் கேட்டால் யாராலும் சரிபார்க்க முடியாது.

மின்கம்பங்களை மண் நிரப்பும் முன்பே மாற்றுங்கள். தரை உயர உயரக் கம்பிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி குறையும். தொட்டியைத் தூக்கிய டிப்பர் கம்பியில் உரசினால் உயிர் போகும். மின்வாரியத்துடன் கூட்டாய்வு, மதிப்பீடு, பணம் செலுத்துதல், மின்தடைத் தேதி என நான்கையும் ஒரே அட்டவணையில் வைத்துத் தொடருங்கள். பணம் கட்டிய பிறகும் மின்தடை கிடைக்காமல் வாரக்கணக்கில் நிற்பது வழக்கம்.

வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், தளத்தில் கூடுங்கள். முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர்கள் வரவேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெயர், ஒரு தேதி. ஒரு வாரத்தில் தீராதது திட்ட இயக்குநரிடமும், இரண்டு வாரத்தில் தீராதது மண்டல அலுவலகத்துக்கும் தானாகவே போகும் என்று முதலிலேயே ஒப்புக்கொள்ளுங்கள்.

அதிகாரி முடிவெடுக்கத் தயங்குவதைப் பலர் பகையாக எடுத்துக்கொள்கிறார்கள். நாளை தணிக்கையில் பதில் சொல்லவேண்டியவர் அவர். ஒப்பந்தப் பிரிவு எண், வரைபடம், அளவு, விலைக்கு ஆதாரம், சுயேச்சைப் பொறியாளரின் பரிந்துரை எல்லாம் சேர்த்துக் கொடுத்தால் கோப்பு நகரும். ஊர்க்காரர்கள் கூடுதல் சிறுபாலம் கேட்டார்கள், அதிகாரியும் வாய்மொழியாகச் சரி என்றார் என்று கட்டத் தொடங்காதீர்கள். எழுத்தில் ஆணை இல்லாத வேலைக்குப் பணம் வருவது மிகக் கடினம்.

சுயேச்சைப் பொறியாளருக்குப் போகும் எந்தக் கடிதமும் மறுதரப்புக்கும் அதே நேரத்தில் போகட்டும். மாத முன்னேற்ற அறிக்கை, மாதம் முடிந்த ஏழு நாளுக்குள். எண்ணில் கருத்து வேறுபட்டால் இரண்டு கணக்கையும் ஒரே தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, வேலையைத் தொடருங்கள்.

திட்ட இயக்குநர் மாறும்போதும், நிறுவனத்தின் திட்ட மேலாளர் மாறும்போதும், போகிறவரும் வருகிறவரும் பதிவேட்டைக் கையில் வைத்துச் சாலை முழுவதையும் ஒருமுறை சேர்ந்து பார்த்து, நிலுவைப் பட்டியலில் இருவரும் கையெழுத்திட வேண்டும்.