வீடில்லாதவர்களை எண்ணும்போது எண் எங்கே தப்பிப் போகிறது

சென்னை பாரிமுனைப் பக்கம் தலைமுறை தலைமுறையாகப் பிளாட்பாரத்திலேயே குடியிருக்கும் ஓர் அம்மாவிடம் "உங்களுக்கு வீடு இருக்கா?" என்று கேட்டால், "இருக்கே, இதோ" என்று சுவரோடு சாய்த்துக் கட்டிய படுதாவைக் காட்டுவார். ஊரிலிருந்து கட்டட வேலைக்கு வந்து மேம்பாலத்தடியில் படுக்கிறவரும் "இருக்குங்க, ஊர்ல" என்பார். இரண்டு பதிலுமே உண்மைதான். ஆனால் படிவத்தில் இரண்டுமே "வீடு உள்ளவர்" என்று ஏறிவிடும். உள்ளூர் கணக்கெடுப்புகளில் முதல் பிழை இந்த ஒற்றைக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

கேட்க வேண்டியது இப்படி: "நேத்து ராத்திரி எங்க படுத்தீங்க? மழை வந்தா எங்க போவீங்க? கதவும் பூட்டும் இருக்கற எடத்துல கடைசியா எப்போ இருந்தீங்க?" மூன்றுக்கும் பதில் ஓர் இடமாகவோ காலமாகவோதான் வரும். "நீங்கள் வீடற்றவரா" என்று அவரையே முத்திரை குத்திக்கொள்ளச் சொல்லும் வேலை இதில் இல்லை.

அடுத்த பிழை, யாரை எண்ணுகிறோம் என்பதை எழுதி வைத்துக்கொள்ளாமலே தெருவில் இறங்குவது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, கட்டடத்தில் வாழாமல் திறந்தவெளி, சாலையோரம், நடைபாதை, ஹியூம் பைப் எனப்படும் பெரிய கான்கிரீட் குழாய், மேம்பாலத்தடி, மாடிப்படியின் அடி, வழிபாட்டுத் தலங்களின் திறந்த பகுதி, மண்டபம், ரயில்வே பிளாட்பாரம் போன்ற இடங்களில் இருக்கும் குடும்பங்களை வீடற்றவை என்று எடுத்துக்கொண்டது. படிக்கத் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் நடைபாதையில் மூங்கில் நட்டு, மூன்று பக்கம் படுதா கட்டி, மேலே தகரம் போட்ட இடம் என்ன கணக்கு? ஒரு குழு அதை வீடு என்று எழுதும், அடுத்த தெருவில் இன்னொரு குழு வீடற்ற குடும்பம் என்று எழுதும். பிறகு இரண்டையும் கூட்டினால் வரும் எண்ணுக்கு அர்த்தமில்லை. கிளம்பும் முன் ஒரே பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு குழப்பமான உதாரணங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் முடிவு போட்டு, எல்லாக் குழுவுக்கும் அதே தாளைக் கொடுங்கள். தள்ளுவண்டிக்கு மேலேயே படுப்பவர், கடையிலேயே தங்கும் வேலையாள், பாதி கட்டிய கட்டடத்தில் காவலுக்கு இருக்கும் குடும்பம், ஓடாத வேனில் படுப்பவர் எல்லாரும் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

வகை பிரிக்க, ஐரோப்பிய அமைப்பான ஃபீயாண்ட்சா 2005இல் கொண்டுவந்த ஈதோஸ் பகுப்பு உதவும். கூரையே இல்லாதவர், காப்பகம் போன்ற தற்காலிக இடத்தில் இருப்பவர், எந்த நேரமும் காலி செய்ய நேரிடக்கூடிய இடத்தில் இருப்பவர், மனிதர் வாழத் தகாத இடத்தில் இருப்பவர் என்று அது நான்காகப் பிரிக்கிறது. நான்கையும் ஒரே எண்ணாகக் கூட்டிவிடாதீர்கள். தனித்தனியாக எழுதினால்தான் எதற்கு எந்த உதவி தேவை என்பது தெரியும்.

இரவுக் கணக்கு

இரவு ஒன்பது மணிக்குப் போனால் கடை வாசல்கள் இன்னும் திறந்திருக்கும், படுக்க வருகிறவர்கள் வந்திருக்க மாட்டார்கள். காலை ஐந்துக்குப் போனால் துப்புரவுப் பணியாளர்கள் வரும்முன் பாயைச் சுருட்டிவிட்டுப் போயிருப்பார்கள். சென்னையில் 11 மணியிலிருந்து 3 மணி வரை என்று வைத்துக்கொள்வது நல்லது. இதற்கும் விலக்கு உண்டு. கோயம்பேடு மாதிரி மொத்தச் சந்தையில் இரவுதான் வேலை நேரம். மூட்டை தூக்குகிறவர்கள் அங்கே சுமையோடு ஓடிக்கொண்டிருப்பார்கள், படுப்பது பகலில். அங்கே மட்டும் நண்பகலுக்கு மேல் ஒரு சுற்றுப் போக வேண்டும்.

இதற்கு நேர்மாறான பிழையும் நடக்கிறது. அரசுப் பொது மருத்துவமனை வாசலில் படுத்திருப்பவர்களில் நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள் பலர். சென்ட்ரலில் விடிகாலை வண்டிக்குக் காத்திருப்பவர்கள், கார்த்திகைத் தீபத்துக்குத் திருவண்ணாமலைக்கு வந்தவர்கள் எல்லாம் வீடற்றவர்கள் அல்லர். பார்த்த மாத்திரத்தில் தலையை எண்ணினால் இவர்கள் அத்தனை பேரும் கணக்கில் வந்துவிடுவார்கள். "எத்தனை நாளா இங்க படுக்கிறீங்க, இங்கிருந்து எங்க போவீங்க" என்று இரண்டு கேள்வி கேட்டால் பிரித்துவிடலாம். ஆனால் மருத்துவமனை வாசலில் மாதக்கணக்கில் இருப்பவரைத் துணைக்கு வந்தவர் என்று தள்ளிவிடாதீர்கள். நோயாளி இறந்த பிறகோ, வீட்டுக்குத் திரும்ப வழியில்லாமலோ அங்கேயே தங்கிவிட்டவர்களும் உண்டு.

தூங்குகிறவரை எழுப்பக் கூடாது. அவருக்குத் தனி வரி: "பார்த்தது மட்டும்". வயது, பால் தெரியவில்லை என்றால் "தெரியவில்லை" என்றே எழுதுங்கள். போர்வைக்குள் இருப்பதை ஆண் என்று ஊகித்து எழுதுவதால் பெண்களின் எண்ணிக்கை குறைகிறது. தனியாக இருக்கும் பெண்கள் திறந்த வெளியில் படுப்பதே குறைவு. விளக்கு எரியும் இடம், காவலாளி இருக்கும் கடை, மருத்துவமனையின் அவசரப் பிரிவு வாசல், கோயில் மண்டபம் என்று பாதுகாப்பைப் பார்த்துத்தான் இடம் பிடிப்பார்கள். இரவு முழுக்கக் கண் விழித்து உட்கார்ந்திருந்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் பெண்களுக்காகக் காலை ஆறு முதல் எட்டு வரை, கட்டணக் கழிப்பறை, தண்ணீர்க் குழாய், அன்னதானம் நடக்கும் இடம் ஆகியவற்றில் இன்னொரு சுற்று கட்டாயம் வேண்டும். இரவில் எண்ணியவரையே மறுபடி எண்ணாமலிருக்க, "ராத்திரி யாராவது வந்து கேட்டாங்களா" என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும்.

போலீஸாரையோ சீருடைக்காரர்களையோ கூட அழைத்துப் போகாதீர்கள். தமிழ்நாட்டில் 1945ஆம் ஆண்டின் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் தெருவில் இருப்பவர்களுக்கு இன்றும் உண்டு. ஃபைலும் டார்ச்சுமாக ஐந்து பேர் வந்தால் அந்தத் தெருவே பத்து நிமிடத்தில் காலியாகிவிடும். இரண்டு பேர், அதிகம் போனால் மூன்று பேர் போதும். அவர்களில் ஒருவர் தெருவில் வாழ்ந்து பழகியவராக இருந்தால் மிக நல்லது. எந்தச் சந்தில் யார் படுப்பார் என்பதை அவரைப் போல வேறு யாராலும் சொல்ல முடியாது.

பெருக்கிப் போடும்போது

ஒரு நகராட்சிப் பகுதியை 120 துண்டாகப் பிரித்ததாக வைத்துக்கொள்வோம். டீக்கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்டு, பூ விற்பவர், இரவுக் காவலாளி எல்லாரிடமும் விசாரித்ததில் 20 துண்டுகளில் ஆட்கள் அதிகம் என்று தெரிகிறது. அந்த 20ஐயும் முழுக்க எண்ணியதில் 240 பேர். சராசரி 12 என்று எடுத்து 120ஆல் பெருக்கினால் 1,440 வரும். இது பெரும் தவறு. கூட்டம் இருக்கும் இடத்தின் சராசரியைக் கூட்டமில்லாத இடத்துக்கும் ஏற்றிவிட்டோம். 240தான் மொத்தம் என்று நிறுத்திக்கொள்வதும் தவறு. மிச்சமுள்ள 100 துண்டில் சீட்டுக் குலுக்கி 20ஐ எடுத்து அவற்றையும் நடந்து பார்க்க வேண்டும். அங்கே 14 பேர் கிடைத்தால் ஐந்தால் பெருக்கி 70. மொத்தம் 310. "அங்கே யாரும் இருக்க மாட்டாங்க" என்று சொல்லப்பட்ட இடத்திலிருந்து 70 பேர் வந்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஒரே இரவில் எத்தனை பேரைத் தவறவிட்டோம் என்று பார்க்க, சில நாள் கழித்து அதே இடங்களில் மறுபடி எண்ணலாம். முதல் இரவு 180 பேர், இரண்டாம் இரவு 160 பேர், இரண்டிலும் இருந்தவர்கள் 96 பேர் என்றால், 180ஐ 160ஆல் பெருக்கி 96ஆல் வகுக்க வேண்டும். 300 வரும். அதாவது முதல் இரவில் 120 பேர் கண்ணில் படவில்லை. குளத்தில் மீனுக்கு அடையாளமிட்டு விட்டு, மறுபடி வலை வீசி எண்ணும் முறைதான் இது.

இதில் சறுக்கும் இடம், "அதே ஆள்தான்" என்று தெரிந்துகொள்வது. ஆதார் எண் கேட்கவே கூடாது. கேட்டால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். பெயரின் முதல் எழுத்து, அம்மா பெயரின் முதல் எழுத்து, பால், ஏறத்தாழ வயது, சொந்த மாவட்டம் என்று ஒரு குறியீடு போதும். ஆனால் ஒருவர் "செ" என்றும் இன்னொருவர் "சே" என்றும் எழுதினால் ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார். மேலே சொன்ன கணக்கில் 16 பேரை இப்படி அடையாளம் காணத் தவறி 96க்குப் பதில் 80 என்று வந்தால், விடை 360 ஆகிவிடும். எழுத்துப் பிழையால் மட்டும் 60 பேர் புதிதாக முளைத்துவிடுகிறார்கள். இரண்டு இரவுக்கும் நடுவே பொங்கலோ, பெருமழையோ, நடைபாதைக் காலி செய்தலோ வந்தாலும் இந்தக் கணக்கு உடைந்துவிடும்.

ஓர் இரவு எண்ணிக்கையை வைத்து, "பெரும்பாலோர் பல வருடமாகத் தெருவில் இருப்பவர்கள்" என்று எழுதுவதும் அடிக்கடி நடக்கிறது. இரண்டு இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஒரே ஆள் வருடம் முழுக்கப் படுக்கிறார். இன்னொன்றில் மாதத்துக்கு ஒருவராகப் பன்னிரண்டு பேர் வந்து போகிறார்கள். எந்த இரவு போனாலும் இரண்டு பேர்தான் இருப்பார்கள், அவர்களில் ஒருவர் நெடுநாள் இருப்பவர், அதாவது பாதி. வருடக் கணக்கில் பார்த்தால் 13 பேரில் ஒருவர்தான் அப்படி. குறுகிய காலம் தெருவுக்கு வந்து மீள்கிறவர்களை ஒற்றை இரவு மறைத்துவிடுகிறது. ஒரு மாத அட்வான்ஸ் கிடைத்தால் மீண்டுவிடக்கூடியவர்கள் பெரும்பாலும் இவர்களில்தான் இருக்கிறார்கள் என்பதால், இந்தப் பிழை எங்களுக்கு மிகவும் உறுத்துகிறது.

சுவருக்குள் இருக்கும் நெருக்கடி

2012இல் மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு நாட்டின் நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையை 1 கோடியே 87 லட்சத்து 80 ஆயிரம் என்று கணித்தது. அதில் வீடற்ற குடும்பங்கள் 5.3 லட்சம்தான். நெரிசலான வீடுகளில் இருப்பவர்கள் ஏறத்தாழ 1.5 கோடிக் குடும்பங்கள். தெருவை மட்டும் எண்ணுகிற ஊர், பிரச்சினையின் சிறு துண்டையே எண்ணுகிறது.

நெரிசலை ரேஷன் கார்டை வைத்து எண்ணாதீர்கள். கார்டில் நான்கு பெயர் இருக்கும், உள்ளே ஒண்டுக்குடித்தனமாகத் தம்பி குடும்பமும் சேர்ந்து ஒன்பது பேர் இருப்பார்கள். கார்டில் பெயர் உள்ள மகன் திருப்பூரில் இருப்பான். "நேத்து ராத்திரி உள்ள எத்தனை பேர் படுத்தாங்க, மாடியிலயும் வாசல்லயும் எத்தனை பேர்?" என்று கேளுங்கள். உள்ளே இடமில்லாமல் ஆண்கள் மொட்டை மாடியிலும் நடைவழியிலும் படுப்பது நம் ஊரில் சகஜம். அவர்களை விட்டுவிட்டால் அந்த வீடு நெரிசலில்லாத வீடாகத் தெரியும். அறையை எண்ணும்போதும் கவனம் வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அறை என்றால் நான்கு சுவர், வாசல், கூரை, குறைந்தது 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம் இருக்க வேண்டும். சேலையைக் குறுக்கே கட்டித் தடுத்த பாதி, அறை அல்ல. ஓர் அறைக்கு மூன்று பேருக்கு மேல் என்றால் நெரிசல் என்பது ஐ.நா. வாழ்விட அமைப்பின் அளவுகோல். அதோடு, தனி அறையில்லாத திருமணமான தம்பதி எத்தனை என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாடகைச் சுமையில் பிழை வருமானத்தில்தான் நுழைகிறது. நாள் கூலி 700 ரூபாய் என்றதும் 30ஆல் பெருக்கி 21,000 என்று எழுதுகிறார்கள். வாடகை 4,500 என்றால் சுமை 21 சதவீதம், பிரச்சினையில்லை என்று முடிகிறது. வேலை கிடைத்தது 18 நாள் என்று கேட்டிருந்தால் வருமானம் 12,600. வீட்டுக்காரர் யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்குகிறார், 90 யூனிட்டுக்கு 720. தண்ணீருக்கு 300. மொத்தம் 5,520, அதாவது 44 சதவீதம். ஒரே குடும்பம், இரண்டு கேள்வி வித்தியாசம். அட்வான்ஸுக்கு வட்டிக்கு வாங்கியிருந்தால் அந்த வட்டியும் வீட்டுச் செலவுதான், அதற்கும் ஒரு கட்டம் போடுங்கள். வீட்டுக்காரர் அதே வாசலில் நிற்கும்போது இந்தக் கேள்விகளைக் கேட்காதீர்கள், உண்மை வராது.

ஒப்பிடும்போதும் வெளியிடும்போதும்

2001இல் நாட்டில் வீடற்றோர் 19.43 லட்சம், 2011இல் 17.73 லட்சம். குறைந்துவிட்டது என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. பிரித்துப் பார்த்தால் கிராமத்தில் குறைந்தது, நகரத்தில் 7.78 லட்சத்திலிருந்து 9.38 லட்சமாகக் கூடியது. எல்லையையும் பார்க்க வேண்டும். 2011 கணக்கெடுப்பு சொல்லும் சென்னையின் 46 லட்சம் பழைய மாவட்டத்துக்கானது. அந்த ஆண்டு அக்டோபரில் மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. இன்றைய 200 வார்டில் எண்ணியதை அந்த 46 லட்சத்தால் வகுத்தால் விகிதம் ஊதிப்போகும். லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம் என்பது விதி என்பதால், எத்தனை காப்பகம் கேட்க வேண்டும் என்பதும் இதனாலேயே தவறும்.

காப்பகத்தில் எத்தனை படுக்கை என்பதை எண்ணாமல், அதே இரவில் படுத்தவர்களை எண்ணுங்கள். தேதி மாறினால் நேற்று தெருவில் எண்ணப்பட்டவர் இன்று காப்பகத்திலும் எண்ணப்படுவார்.

கடைசியாக வரைபடம். எந்த மேம்பாலத்தடியில் எத்தனை பேர் என்று புள்ளி வைத்து வெளியிட்டால், காலி செய்ய வருகிறவர்களுக்கு அது முகவரிப் பட்டியலாகிவிடும். பாரிமுனையிலிருந்து பெரும்பாக்கம், கண்ணகி நகர் போன்ற தொலைவான இடத்துக்குப் போகச் சொன்னால் பிள்ளையின் பள்ளியும் அம்மாவின் வேலையும் சேர்ந்தே அறுந்துபோகும். வெளியிடுவது வார்டு அளவில் இருக்கட்டும். ஒரு வார்டில் 10 பேருக்குக் குறைவாக இருந்தால் பக்கத்து வார்டோடு சேர்த்துக் காட்டுங்கள். குறியீடுகள் எழுதிய தாள்களை, இரண்டு இரவையும் ஒப்பிட்டு முடித்த அன்றே கிழித்துவிடுங்கள்.