‘ம்’ கொட்டத் தெரிந்தவர்களுக்குச் சீன மொழி: ஒரு தொடக்கச் செய்முறை

காரைக்குடியில் கட்டடப் பொருள்களை இறக்குமதி செய்யும் சிறு நிறுவனம் ஒன்றில் கணக்கெழுதும் நான், சரக்கு அனுப்பும் சீனத்து வியாபாரிகளிடம் நேரடியாக நாலு வார்த்தை பேசிவிட வேண்டும் என்ற ஆசையில் எட்டு மாதங்களாகச் சீனத்தின் பொதுமொழியான மாண்டரின் கற்று வருகிறேன். முதல் இரண்டு மாதங்கள் ஆங்கில வழிப் பாடங்களோடு போயின. அவற்றில் கடினம் என்று பக்கம் பக்கமாக எச்சரித்திருந்த இடங்கள் பல எனக்கு எளிதாகவே இருந்தன. ஒரு வரியில் தாண்டிப்போன இடங்களில்தான் இடறி விழுந்தேன். ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போகாமல் தமிழிலிருந்தே சீனத்துக்குப் போகும் வழியைக் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். கைப்பேசி, கட்டம் போட்ட நோட்டு, நாள்தோறும் இருபது நிமிடம், பக்கத்து மேசைக்காரரின் பொறுமை ஆகியவை இருந்தால் போதும்.

படி 1: ‘ம்’ கொட்டிப் பழகுங்கள்

ஓர் அசையை எந்தத் தொனியில் சொல்கிறோம் என்பதைப் பொறுத்துச் சீனத்தில் பொருள் மாறும். மாண்டரினில் நான்கு தொனிகளும், அழுத்தமின்றி உதிரும் மென்தொனி ஒன்றும் உள்ளன. இவை நமக்குப் புதியவை அல்ல. அப்பத்தாள் கதை சொல்லும்போது தூங்கவில்லை என்று காட்டுவதற்காக ஒரே மட்டத்தில் நீட்டும் ‘ம்ம்’ முதல் தொனி. காதில் சரியாக விழாதபோது மேலேறும் ‘ம்?’ இரண்டாம் தொனி. சொல்வதை முழுதாக நம்பாமல் அடித்தொண்டைக்கு இறங்கி மெல்ல எழும் ‘ம்ம்ம்…’ மூன்றாம் தொனி. பேச்சை முடித்துவிட்டோம் என்று வெட்டி இறக்கும் ‘ம்!’ நான்காம் தொனி. இந்த நான்கையும் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்துவிட்டு, ‘ம்’ இருந்த இடத்தில் ‘மா’வை வையுங்கள். வரிசையாக அம்மா, சணல், குதிரை, திட்டுதல் என்று பொருள் வரும்.

இந்தப் படியில் அவசரப்பட்டதால் நான் பட்ட பாடு ஒன்று உண்டு. மூன்றாம் தொனியில் ‘மாய்’ என்றால் வாங்குதல்; நான்காம் தொனியில் அதே ‘மாய்’ விற்றல். நாற்பது அச்சுகள் வாங்க விரும்புகிறோம் என்று தொலைபேசியில் பெருமையாகச் சொன்னேன். எதிர்முனையில் சிறிது மௌனம். பிறகு, என்ன விலைக்கு விற்கிறீர்கள் என்று மிகுந்த மரியாதையுடன் கேட்டார்கள். கொண்டுவிற்கக் கடல் கடந்தவர்களின் ஊரிலிருந்து பேசுகிற ஒருவன் கொள்வதையும் விற்பதையும் குழப்பியது அலுவலகத்தில் ஒரு வாரத்துக்குப் பேச்சாக இருந்தது. தவறு எங்கே என்று பிறகுதான் விளங்கியது: நான்காம் தொனி உச்சியில் தொடங்கி விழ வேண்டும், மூன்றாவதைத் தொடக்கத்திலேயே தாழ்வாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் இரண்டையும் மேலிருந்தே இறக்கிக்கொண்டிருந்தேன்.

படி 2: ஒலிகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

சீன ஒலிகளை ரோமன் எழுத்தில் எழுதும் பின்யின் முறை 1958இல் ஏற்கப்பட்டது. அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான ஜோ யூகுவாங் அதற்கு முன் வங்கியில் வேலை பார்த்தவர் என்பதில் கணக்கெழுதும் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். பின்யினைக் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். கீழே நான் தமிழில் தரும் உச்சரிப்புகள் தற்காலிக ஊன்றுகோல் மட்டுமே.

பின்யினில் வரும் ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தைப் ‘பந்து’, ‘பால்’ என்று சொல்லும்போது வரும் நம் பகரமாகவே ஒலிக்கலாம். ஆங்கிலப் பழக்கத்தில் அதை அதிர்வொலியாக்க வேண்டியதில்லை. ககரமும் அப்படித்தான். சிக்கல், காற்றைத் தள்ளிச் சொல்ல வேண்டிய இணை ஒலியில் இருக்கிறது. பேருந்துச் சீட்டு ஒன்றை உதட்டுக்கு எதிரே பிடித்துக்கொள்ளுங்கள். ‘பாவ்’ என்று சீட்டு அசையாமல் மூன்றாம் தொனியில் சொன்னால் வயிறு நிறைந்தது என்று பொருள். சீட்டு படபடக்கும்படி சொன்னால் ஓடு என்று பொருள். விருந்துக்குப் போகும் முன் இதைச் சரிசெய்துகொள்வது நல்லது.

அடுத்து, நமக்கு வாய்த்த வரம். பின்யினின் ‘ஆர்’ எழுத்து பிற நாட்டு மாணவர்களைப் பாடாய்ப் படுத்துகிறது. நாவை வைக்கும் இடத்தைப் பார்த்தால் அது ஏறத்தாழ நம் ழகரமே. மனிதரைக் குறிக்கும் சொல் ‘ழன்’, இரண்டைக் குறிக்கும் சொல் ‘ஆழ்’ என்பது போல ஒலிக்கும். வாழைப்பழத்தை ‘வாளப்பளம்’ என்று சொல்லும் நண்பர்கள் முதலில் தமிழைச் சரிசெய்துகொண்டு வரவும்.

படி 3: எண்களைப் பழைய பேரேட்டு முறையில் எண்ணுங்கள்

ஒன்று முதல் பத்து வரை: ஈ, ஆழ், ஸான், ஸ்ஸ, ஊ, லியோ, ச்சீ, பா, ஜியோ, ஷழ். இருபத்து மூன்று என்பது ‘ஆழ் ஷழ் ஸான்’, அதாவது இரண்டு, பத்து, மூன்று. பழைய தமிழ்க் கணக்கில் இதே எண்ணை ௨௰௩ என்று எழுதியிருப்பதைக் காணலாம். நடுவில் பத்துக்கென்று ஒரு குறி போடும் அந்த முறைதான் சீன எழுத்திலும் இருக்கிறது.

பெரிய எண்களில் மட்டும் நின்று நிதானியுங்கள். சீனத்தில் இலட்சம் கிடையாது. பத்தாயிரத்துக்கு ‘வான்’ என்று ஓர் அலகு உண்டு. ஆகவே நான்கு சுழிகளை விரலால் மறைத்துவிட்டு மீதியைப் படியுங்கள்: 2,50,000 என்றால் இருபத்தைந்து வான், ஒரு கோடி என்றால் ஆயிரம் வான். பயிற்சிக்கு ரயில்வே கேட்டில் நிற்கும் வண்டிகளின் எண்களைப் படிக்கலாம். சிவகங்கை மாவட்டத்து 63, ‘லியோ ஷழ் ஸான்’ என்று இரண்டே நாளில் நாவில் ஒட்டிக்கொள்ளும்.

படி 4: சாப்பாட்டிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள்

‘ச்சழ் ல மா?’ என்பது சீனர்கள் பழக்கமாகக் கேட்கும் நலவிசாரிப்பு. ‘ச்சழ்’ சாப்பிடுதல், ‘ல’ ஆச்சு, ‘மா’ நம் வினா ஆகாரம். மூன்றையும் வைத்த வரிசையிலேயே கூட்டினால் ‘சாப்பிட்டாச்சா?’ என்று வருகிறது. ஆங்கிலத்தில் இதை விளக்க ஒரு பாடமே எழுதியிருந்தார்கள்; எங்கள் ஆச்சி அரை நிமிடத்தில் புரிந்துகொண்டார்.

உறவுச் சொற்களிலும் இதே வசதி. அண்ணன் ‘கக’, தம்பி ‘தீதி’, அக்கா ‘ஜியெஜியெ’, தங்கை ‘மேமே’ என்று மூத்தவரும் இளையவரும் தனித்தனி. நாம் அப்பாவின் அம்மாவை அப்பத்தாள் என்றும் அம்மாவின் அம்மாவை ஆயா என்றும் பிரிப்பது போல, அவர்கள் ‘நைநை’, ‘வாய்ப்போ’ என்று பிரிக்கிறார்கள். முன்னிலைச் சொல் ‘நீ’யேதான், மூத்தவர்களிடம் ‘நின்’ என்று சொல்ல வேண்டும். பார்ப்பதற்கு ‘கான்’ என்ற சொல் இருப்பதையும் பார்த்துவிட்டு, காண் என்பதோடு சேர்த்து இரு மொழியும் ஒன்றே என்று ஆராய்ச்சியில் இறங்கிவிடாதீர்கள். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் இறங்கிவிட்டார், இன்னும் கரையேறவில்லை.

சொல் வரிசையில் ஒரே ஓர் எச்சரிக்கை: செயப்படுபொருள் வினைக்குப் பின் வரும். ‘நான் குடி தேநீர்’ என்பதுதான் அவர்களின் வரிசை.

படி 5: தரையில் எழுதுங்கள்

மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் என்பது கோடு போடும் பொது விதி. சீனப் பூங்காக்களில் பெரியவர்கள் தண்ணீரில் தோய்த்த தூரிகையால் நடைபாதைக் கற்களில் எழுதிப் பழகுவார்கள். நமக்கு வீட்டுத் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் இருக்கிறது. பூ வேலை இல்லாத ஒற்றை நிறக் கல் ஒன்றைத் தேர்ந்து, ஈர விரலால் கல்லுக்கு ஓர் எழுத்து எழுதுங்கள். முதலில் மரம், மரத்தை இரண்டு முறை எழுதினால் தோப்பு, மூன்று முறை எழுதினால் காடு. பிறகு வீடு: மேலே கூரை, கூரையின் கீழே பன்றி. இதை நான் எங்கள் வீட்டுப் பட்டாலையில் எழுதிக்கொண்டிருந்தபோது, என்னவென்று கேட்ட ஆச்சியிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து வீடு என்ற எழுத்துக்கு மட்டும் கட்டம் போட்ட நோட்டைத்தான் பயன்படுத்துகிறேன்.